மாடிப்படியில் கேட்ட கேள்வி

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டின் மாடி அறையை வாடகைக்கு எடுத்து கவுன்சலிங் செய்கிறேன். உளவியலாளராகப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. ஹவுஸ் ஓனர் அம்மா கீழ்வீட்டில் இருக்கும் தன் மருமகளை என்னிடம் அழைத்துவந்தார். ஃபீஸை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார், சரி என்றேன். இப்போது மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா டாக்டரம்மா, மருமவ எதுனா சொல்லுச்சா?" என்கிறார். ஒருநாள் தொல்லை தாங்காமல், "அவங்களுக்கு ராத்திரி தூக்கமே இல்ல, காலையில சீக்கிரம் எழுப்பாதீங்க" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் வருவதே இல்லை. நல்லதுக்குத்தானே சொன்னேன்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நல்லதுக்குத்தான் சொன்னீர்கள், சந்தேகமில்லை. ஆனால் கீழ்வீட்டில் அது எப்படி இறங்கியிருக்கும்? "மேல போயி தூக்கம் இல்லன்னியாமே, உன்ன யாரு தூங்க வுடல இங்க?" தூக்கம் சின்ன விஷயம் என்று நீங்கள் நினைத்தீர்கள். எது சின்னது என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணுடையது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை நம் கடமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. மாமியாரின் ஆவல் அதில் இல்லை.

எனக்கு உறுத்துவது வாடகைக் கணக்குதான். அந்தக் கழிவை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஓனர் அம்மாவுக்கு நீங்கள் கடன்பட்டவராகிவிட்டீர்கள். படியில் அவர் வழிமறித்தபோது வாய் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் இல்லையா? உண்மையில் அந்தப் பெண்ணை முதல் நாளே வேறொருவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். இதுவரை கழித்த தொகையை இந்த மாத வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஃபீஸைக் கேட்காதீர்கள், அது போகட்டும்.

அடுத்து அந்தப் பெண். வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பாதீர்கள், அந்த போன் யார் கையில் இருக்குமோ. தனியாக எதிர்ப்பட்டால், "உங்களைக் கேக்காம சொன்னது என் தப்பு" என்பது போதும். ஏன் சொன்னேன் என்று விளக்க ஆரம்பித்தால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிவரும். திரும்ப வாருங்கள் என்றும் அழைக்காதீர்கள். உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லாத ஓர் உளவியலாளரைச் சொல்லுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

ஓனர் அம்மாவிடம் ஒரே வாக்கியம்: "அம்மா, நாளைக்கு நீங்க வந்து பேசினாலும் மருமகளுக்குச் சொல்ல மாட்டேன்." கோபம் வரும், வரட்டும். அப்படியே "நான் மாத்திரை எழுதுற டாக்டர் இல்லம்மா" என்றும் சொல்லிவிடுங்கள். அந்தப் பட்டத்தை நாம் பாதி நேரம் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

நம் பக்கத்தில் ரேஷன் கடை, கோயில், கல்யாண மண்டபம் எங்கே போனாலும் தெரிந்த முகம்தான். பெரம்பூரில் ஒரு வரவேற்பில் என்னிடம் வந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு, ரகசியம் காப்பதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டேனோ என அவர் ஒரு வாரம் அழுதிருக்கிறார். அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: "வெளியில பாத்தா நானா பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுவேன்."

காசிமேட்டிலிருந்து யாராவது இரண்டு சங்கரா மீன் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒருமுறை, அன்புக்கு, சரி. வாரா வாரம் வந்தால் பேசித்தான் ஆக வேண்டும்.

அறையைக் காலி பண்ணச் சொன்னால்? பண்ணிவிடுங்கள். அடுத்த இடம் பார்க்கும்போது கீழே ஓனர் குடியிருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.