சொந்த லாரியைத் தானே ஓட்டி மிச்சம் பிடிக்க முடியுமா?

கேள்வி: ஏழு வருடமாக லாரி டிரைவராக இருக்கிறேன். பத்துச் சக்கர வண்டி ஒன்று சொந்தமாக வாங்கி நானே ஓட்டினால் கையில் காசு நிற்குமா?

நிற்கும் தம்பி. ஆனால் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நிற்கிற நாளுக்குக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். எனக்கு அது தெரிய இரண்டு வருடம் ஆனது.

நான் நாமக்கல் பக்கம். பதினோரு வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டிவிட்டு, 2012-ல் பழைய வண்டி ஒன்றை பைனான்ஸில் எடுத்தேன். லோடுக்குக் குறைவில்லை, வாடகையும் மோசமில்லை. அப்படியும் டியூ (கடன் தவணை) தேதி வந்தால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகும். 2014-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு குடோன் வாசலில் ஜவ்வரிசி மூட்டையோடு ஐந்து நாள் நின்றேன். ஹால்டிங் (வண்டியை நிற்க வைத்ததற்கான காசு) கேட்டதற்கு, அடுத்த லோடில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ்காரர். கடைசி வரை வரவில்லை. அந்த ஐந்து நாளில் கேபினில் உட்கார்ந்து, எல்.ஆர். (சரக்கு ரசீது) காப்பியின் பின்பக்கம் முதல்முறையாக எழுதிப் பார்த்தேன்: வண்டி சும்மா நின்றால் எனக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு?

இன்றைய விலையில் அதே கணக்கைச் சொல்கிறேன். டியூ மாதம் 42,000 என்று வையுங்கள். இன்சூரன்ஸ் மாதத்துக்கு 6,000 வரும். (மொத்த எடை 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 2022-ல் அறிவித்தபடி வருடத்துக்கு 43,950 ரூபாய்.) நேஷனல் பெர்மிட் வருடத்துக்கு 16,500. அதோடு வரி, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எல்லாம் சேர்த்து மாதம் 3,000. உங்கள் சம்பளம் 24,000. மொத்தம் 75,000. அதாவது வண்டி ஓடினாலும் நின்றாலும் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்.

உங்கள் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள். நானே ஓட்டுகிறேன், டிரைவர் சம்பளம் மிச்சம் என்று நினைத்துத்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். அடுத்தவர் வண்டியில் வாங்கிய சம்பளம்கூடச் சொந்த வண்டியில் வரவில்லை என்றால், கடனை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு என்ன பயன்?

அடுத்தது ஓடுகிற செலவு. என் வண்டி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும். டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 23. டயர் இரண்டரை, சுங்கம் ஐந்தரை, ஆயில், யூரியா (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுவது), பட்டறை வேலை எல்லாம் 2. ஆக 33 ரூபாய்.

இப்போது ஒரு நடையைப் பார்ப்போம். சேலத்திலிருந்து நாசிக் சுமார் 1,250 கிலோமீட்டர், போய் வர 2,500. ஜவ்வரிசி 18 டன், டன்னுக்கு 2,700 வீதம் 48,600. திரும்பும்போது வெங்காயம், டன்னுக்கு 3,500 வீதம் 63,000. வரவு 1,11,600. ஓட்டச் செலவு 82,500, கமிஷன், கூலி, வழிச்செலவு 6,000. மீதி 23,100. எட்டு நாளில் நடை முடிந்தால் நாள் செலவு 20,000 போக 3,100 மிச்சம், சம்பளமும் கையில். அதே நடை பதினோரு நாள் இழுத்தால் 4,400 நஷ்டம். வாடகையில் ஒரு ரூபாய் குறையவில்லை, மூன்று நாள் நின்றதுதான் தின்றது. (வாடகை சீசனுக்கு ஏற்ப ஏறும், இறங்கும். நீங்கள் ஓடும் லைன் (வழித்தட) ரேட்டைப் போட்டுப் பாருங்கள்.)

இது புரிந்த பிறகு நான் லோடு பிடிக்கும் விதமே மாறிவிட்டது. டன்னுக்கு 200 ரூபாய் அதிகம் தருகிறார்கள் என்றால் முதலில் இறக்குகிற இடம் எது என்று கேட்பேன். வரிசையில் நிற்கவிடும் ஆலை என்றால் 3,600 ரூபாய் அதிகமாக வந்தும் பிரயோஜனமில்லை, ஒன்றரை நாளில் போய்விடும். ஊருக்கு ஊர் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: எந்த குடோன் காலையில் இறக்குகிறது, எங்கே ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது, எந்தப் பார்ட்டி பாக்கியை இழுக்கிறார். என் வீட்டுக்காரிதான் அதை எழுதுகிறாள். ரிட்டர்ன் லோடும் அப்படித்தான். போகும் ஊரில் நம்பிக்கையான இரண்டு புக்கிங் ஆபீஸ் இருந்தால், பூனா தாண்டும்போதே போன் போட்டுவிடலாம்.

ஓவர்லோடு வேண்டவே வேண்டாம். பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன், 2018-ல் 25-லிருந்து உயர்த்தியது. வண்டி எடை போக 18 டன்னை ஒட்டித்தான் ஏற்ற முடியும். மீறிப் பிடிபட்டால் அபராதம் 20,000, அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் சரக்கையும் இறக்கியாக வேண்டும். எத்தனை நடை லாபம் அதில் போகும் என்று பாருங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் உருள விடாதீர்கள், பாரமெல்லாம் பிரேக் மேல் விழும். மேலே சொன்ன நடையிலேயே அப்படி இரண்டு இடம் இருக்கிறது. போகும்போது பூனா காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரை இறக்கம், வரும்போது தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய். பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் கார்கள் மேல் ஏறிய வண்டிகளைத் தொப்பூரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர் டீசலுக்கு அடுத்தவன் குடும்பம் போகக் கூடாது.

டயருக்கும் பட்டறைக்கும் தனி அக்கவுண்ட் வையுங்கள். நான் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வீதம் நடை முடிந்த அன்றே போட்டுவிடுவேன். பத்து டயர் ஒரே சமயத்தில் தேய்ந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல், அன்றைக்கு வட்டிக்கு ஓட முடியாது. 2020 ஊரடங்கில் ரிசர்வ் வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது, ஆனால் வட்டி நிற்கவில்லை. அந்த அக்கவுண்ட் இருந்ததால் நான்கு மாத டியூவைக் கட்டிவிட்டேன். தள்ளிப்போட்ட நண்பர்கள் அசலோடு சேர்ந்த வட்டியை அதற்குப் பிறகும் வெகுநாள் கட்டினார்கள்.

பாக்கி விஷயத்தில், உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துகொள்ளுங்கள், செலவே கிடையாது. பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கம்பெனிகளிடம் இதைச் சொன்னால் மரியாதை வருகிறது. வருமான வரியும் வருடா வருடம் தாக்கல் செய்யுங்கள். 10 வண்டி வரை வைத்திருப்பவருக்கு, கனரக வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் போதும். அந்தத் தாள் மூன்று வருடத்துக்கு இருந்ததால்தான் என் இரண்டாவது வண்டிக்கு பைனான்ஸ்காரரை விட்டு வங்கிக்குப் போக முடிந்தது.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இப்போது ஓட்டும் வண்டியிலேயே மூன்று மாதம் எழுதுங்கள்: ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல், நின்ற நாள். உங்கள் முதலாளியிடம் டியூவும் இன்சூரன்சும் எவ்வளவு என்று கேட்டால் சொல்வார். நின்ற நாள் மாதத்துக்கு எட்டுக்கு மேல் போனால் அந்த லைனில் சொந்த வண்டி விடாதீர்கள், வேறு லைன் தேடுங்கள். எந்த ஊருக்கு, என்ன சரக்கு ஓட்டுகிறீர்கள் என்று இங்கே எழுதினால் உங்கள் கணக்கையும் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.