லாயத்தில் படுத்த குதிரை எழ முடியாமல் சிக்கிக்கொள்வதை எப்படித் தடுப்பது?

புரளும்போது சுவரோரம் ஒதுங்கிவிட்டால் குதிரையின் கால்கள் சுவரில் முட்டி மடங்கிவிடும். முன்னங்காலை நீட்டி ஊன்ற இடமில்லாமல் எழவே முடியாது. நெடுநேரம் அப்படியே கிடந்தால் உடல் எடையே தசைகளை நசுக்கிவிடும்.

சராசரி குதிரைக்கு 12க்கு 12 அடி அறையாவது கொடுங்கள். அதைவிட முக்கியம் படுக்கை. வைக்கோலையோ மரத்தூளையோ சுவரோரம் சுற்றிலும் வரப்புபோல உயர்த்தி, நன்றாக மிதித்து இறுக்குங்கள். தளர்வாகக் குவித்தால் ஒரே இரவில் சரிந்துவிடும், வைத்ததற்குப் பலனே இருக்காது. சுவரில் கிடைமட்டமாக ஒரு மரச்சட்டம் அடித்தால் குளம்புக்குப் பிடிமானம் கிடைக்கும். அதை உந்தித் தள்ளிக்கொண்டு விலகும்.

வழக்கமில்லாமல் அடிக்கடி புரள்கிறதா? வயிற்றுவலியாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒருவேளை சிக்கிவிட்டால், தயவுசெய்து தனியாகக் கால்பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், பயத்தில் உதைக்கும்.