மார்மன் சபை மீதான குற்றச்சாட்டுகள்: கேளுங்கள், சொல்கிறேன்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன் நான். மார்மன் என்றால்தான் பலருக்குப் புரியும். எனக்குச் சார்பு உண்டு, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: உங்கள் வேதமான மார்மன் புஸ்தகத்துக்கு மூலம் என்று சொல்லும் தங்கத் தகடுகள் எங்கே என்றால் தேவதூதன் எடுத்துக்கொண்டான் என்கிறீர்கள். எப்படி அண்ணா நம்புவது?

பதில்: காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது தம்பி. ஆனால் தகடுகளை மொழிபெயர்த்ததாகச் சொன்ன, எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் தவிர பதினோரு பேர் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் மூவரும் 1837, 1838இல் ஸ்மித்தோடு முறைத்துக்கொண்டு சபைக்கு வெளியே போனவர்கள். ஹாரிஸ் மார்மன் புஸ்தகத்தின் அச்சுச் செலவுக்காக நிலத்தையே இழந்தவர். பொய் என்றால் போட்டு உடைக்க அதைவிட நல்ல நேரம் ஏது? யாரும் வாக்கை மாற்றவில்லை. விட்மர் சபைக்குத் திரும்பவே இல்லை, ஆனாலும் 1888இல் சாகும்வரை பார்த்தது பார்த்ததுதான் என்றார். ஹாரிஸ் ஆவிக்குரிய கண்ணால்தான் பார்த்தார் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். சரி, அவரை விட்டுவிடுங்கள், அந்த மூவர் போக மற்ற எட்டுப் பேர் கையில் தூக்கிப் பார்த்ததாக அல்லவா எழுதிக்கொடுத்தார்கள்!

கேள்வி: எகிப்தியச் சுருளிலிருந்து ஸ்மித் மொழிபெயர்த்ததாகச் சொன்ன ஆபிரகாம் புஸ்தகம் மோசடி என்று நிரூபணமாகிவிட்டதே சார்?

பதில்: கஷ்டமான கேள்வி இதுதான். 1835இல் ஸ்மித் வாங்கிய எகிப்தியச் சுருள்களில் சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்து 1967இல் சபைக்கு வந்தன. எகிப்தியல் அறிஞர்கள் படித்தார்கள், ஹோர் என்ற பூசாரி உட்படச் சிலருக்கான ஈமச்சடங்கு எழுத்துகள் அவை, ஆபிரகாம் பெயரே இல்லை. அசல் சுருள் தொலைந்துவிட்டது என்று எங்கள் ஆட்களில் சிலர் வாதாடுகிறார்கள், எனக்கு அது சப்பைக்கட்டாகத்தான் படுகிறது. சுருள் ஒரு தூண்டுதல் மட்டுமே, வார்த்தைகள் கடவுளிடமிருந்து வெளிப்பாடாக வந்தவை என்பதுதான் தாக்குப்பிடிக்கும் விளக்கம். ஆனால் விசுவாசம் இல்லாதவருக்கு அது போதாது, தெரியும்.

கேள்வி: பலதார மணம்?

பதில்: 1890இல் அப்போதைய சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் நிறுத்துவதாக அறிவித்தார், அப்புறமும் சிலர் தொடர்ந்ததால் 1904இல் இன்னொரு அறிவிப்பு வந்தது. இன்று செய்தால் சபையை விட்டு நீக்கம்தான். ஸ்மித்தின் மனைவிகளில் ஒருத்திக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை என்பதைச் சபையே 2014இல் எழுதிவிட்டது, நான் மழுப்ப என்ன இருக்கிறது?

கேள்வி: கறுப்பினத்தவருக்கு 1978 வரை ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், தரவில்லையே? அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லாதீர்கள்.

பதில்: சொல்ல மாட்டேன் அக்கா. தீர்க்கதரிசி உண்டு என்கிற சபைக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. அதிலும் எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் ஸ்மித் காலத்திலேயே, 1836இல், ஆசாரியத்துவம் பெற்றவர். 1852இல் தடையை அறிவித்தவர் ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங். அதற்குச் சொல்லப்பட்ட பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் சாபம் அவர்கள்மேல் இருக்கிறது என்பது போன்ற காரணங்களையெல்லாம் சபை 2013இல் கைகழுவிவிட்டது. தலைவர்களும் தவறுவார்கள் என்பது எங்கள் போதனையிலேயே உண்டு, அதை இந்த இடத்தில் உரக்கச் சொல்ல எங்களவர்கள் கூசுகிறார்கள் என்பதுதான் என் குறை.

கேள்வி: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை ஏற்காதவர்கள் எப்படிக் கிறிஸ்தவர்கள்?

பதில்: திரித்துவத்தைச் சொல்லும் பழைய நிசேயா விசுவாச அறிக்கைதான் அளவுகோல் என்றால் நாங்கள் வெளியேதான். இயேசுவே இரட்சகர், உயிர்த்தெழுந்தார் என்பது அளவுகோல் என்றால் உள்ளே. 2001இல் வத்திக்கான் எங்கள் ஞானஸ்நானம் செல்லாது என்றது, எங்களில் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. கத்தோலிக்கர் எங்களிடம் வந்தால் நாங்களும் மறுபடி தண்ணீரில் இறக்கித்தானே சேர்க்கிறோம்.