புல்குர் வேறு, ரவை வேறு: சமையல் கேள்வி-பதில்

தபூலே என்ற லெபனான் சாலட் செய்யப் புல்குர் கிடைக்கவில்லை. கோதுமை ரவை போட்டேன், களியாகிவிட்டது. ஏன்?

ஏனென்றால் நீங்கள் செய்தது உப்புமா. எத்தனையோ தடவை எழுதியாயிற்று, இன்னொரு தடவையும் எழுதுகிறேன். ரவை, வேகாத கோதுமையை அப்படியே உடைத்தது. புல்குர், கோதுமையை வேகவைத்து, காயவைத்து, அப்புறம் உடைத்தது. பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் வித்தியாசம் தெரிந்த வீட்டில் இதை விளக்க வேண்டியிருக்கிறதே! ஏற்கெனவே வெந்தது என்பதால்தான் லெபனானில் பொடி புல்குரை அடுப்பிலேயே ஏற்றாமல், எலுமிச்சை, தக்காளிச் சாற்றில் ஊறவைத்துத் தபூலே செய்கிறார்கள். ரவையை அப்படி ஊறவைத்தால் பச்சை மாவு வாசனைதான் மிஞ்சும். போன மாதம் ஒரு கடையில் சாதாரண கோதுமை ரவைக்குப் 'புல்குர்' என்று லேபிள் ஒட்டி மூன்று மடங்கு விலை வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று பதில்.

அதோடு, தபூலேயில் பிரதானம் பார்ஸ்லி, கொத்தமல்லி மாதிரி ஒரு தழை. இரண்டு பெரிய கட்டுக்குக் கால் கப் புல்குர் தாராளம்.

தானியமே தூக்கலாக வேண்டுமென்றால் முழு சம்பா கோதுமை வாங்குங்கள். இத்தாலியில், டஸ்கனியின் கார்ஃபன்யானா மலைப்பக்கத்தில் 'ஃபாரோ' என்று சாலடுக்கும் சூப்புக்கும் போடுவதும் இதே கோதுமை இனம்தான், எம்மர் என்பார்கள். இரவு ஊறவைத்து, உப்புத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். குழையக் கூடாது, பல்லில் தட்டுப்பட வேண்டும். வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுங்கள். ஈரம்தான் எதிரி.

கூஸ்கூஸ் எந்தச் செடியில் விளைகிறது?

எந்தச் செடியிலும் இல்லை. டியூரம் கோதுமை ரவையில் தண்ணீர் தெளித்து உருட்டுவது. வட ஆப்பிரிக்கப் பண்டம்.

ஸ்டேக் (கனமான மாட்டுக்கறித் துண்டு) வாட்டினேன். மேலே சிவக்கவே இல்லை, சாம்பல் நிறமாக வெந்துவிட்டது. என்ன தப்பு?

எந்தத் துண்டு, எவ்வளவு கனம், எந்தச் சட்டி, ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. பெரும்பாலும் ஈரம்தான் காரணம். கறியைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். எண்ணெயைக் கறியில் தடவுங்கள். கிரில் பேன், அதாவது வரிவரியான வாட்டும் சட்டி, லேசாகப் புகையும் வரை காயட்டும். ஒரு அங்குலத் துண்டுக்குப் பக்கத்துக்கு மூன்று, நாலு நிமிடம்.

உப்பு எப்போது போடுவது?

முக்கால் மணி நேரம் முன்பு, இல்லையென்றால் கிரில்லில் வைக்கும் அந்த நொடி. இரண்டுக்கும் நடுவில் போட்டால் உப்பு இழுத்த நீர் மேலேயே நிற்கும். மறுபடியும் ஈரம்.

முதலில் நல்ல சூட்டில் வாட்டினால் சாறு உள்ளேயே அடைபடுமாமே?

அடைபடாது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய எண்ணம் அது. வாட்டுவது ருசிக்காக.

நடுவில் சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா?

முழுத் துண்டாக இருந்தால் நான் உள்சூடு 55 டிகிரி செல்சியஸில் எடுத்துச் சாப்பிடுவேன். அமெரிக்க வேளாண் துறை சொல்வது 63 டிகிரி, பிறகு 3 நிமிடம் ஆறவிடுவது. கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு அதற்குக் கீழே வேண்டாம். கொத்துக்கறிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு 71. விரலால் அமுக்கிப் பார்க்கும் வித்தையெல்லாம் வேண்டாம், ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

ஃபிளாங்க் ஸ்டேக் (மாட்டின் அடிவயிற்றுத் துண்டு) ரப்பர் மாதிரி இழுக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பாவம், அவரை விடுங்கள். நார் ஓடும் திசையிலேயே வெட்டியிருப்பீர்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்து மெல்லிசாக வெட்டுங்கள். பலகையில் தேங்கும் சாற்றைக் கூடப் பரிமாறும் தானியச் சாலடில் ஊற்றிவிடுங்கள். நான் அனுமதிக்கும் ஒரே ஈரம்.

சாலடை முந்தின நாளே செய்து வைக்கலாமா?

தானியத்தில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் கலந்து வைக்கலாம். வெள்ளரி, தக்காளி, பார்ஸ்லி எல்லாம் பரிமாறும்போது. வெந்த தானியத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். பிரிட்ஜில் 3 நாள் தாங்கும்.