தரங்கம்பாடிக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: தரங்கம்பாடியின் பழைய கிறிஸ்தவச் சின்னங்களை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக முடியும். மயிலாடுதுறை வரை ரயில், அப்புறம் பஸ். சுமார் 30 கி.மீ. நகர வாயிலில் இறங்கி ராஜ வீதியில் கடலைப் பார்த்து நடங்கள், ஆட்டோ வேண்டாம். 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம், அதற்குப் பின் வந்த புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் இந்த வீதியில்தான். பின்னது 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு கட்டியது. முகப்பை அண்ணாந்து பாருங்கள்: கிரீடம், அன்று இவ்வூரை ஆண்ட டேனிஷ் (டென்மார்க்) மன்னரின் பெயரெழுத்து, 1718 என்ற ஆண்டு. சீகன்பால்குவின் கல்லறை உள்ளேதான். இடிபாடு என்று நினைத்துப் போகாதீர்கள், இன்றும் ஆராதனை நடக்கிறது. ஞாயிறு காலை போனால் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. மற்ற நாளில் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள். வீதி முடிவில் 1620-இல் கட்டிய டேனிஷ் கோட்டை. நிழல் குறைவு, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.