வீட்டுக் கடன்: தவணையும் பத்திரச் செலவும்

கேள்வி: 30 லட்சம் ரூபாய் கடனுக்கு மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் தவணை கட்டுகிறேன். அசலில் இரண்டு லட்சம்கூடக் குறையவில்லை. வங்கிக் கணக்கில் பிழையா? (ஆனையூர் வாசகர்)

பதில்: பிழையில்லை. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். இன்னும் மீதமுள்ள கடன் தொகைக்கே வட்டி கணக்கிடப்படுவதால், முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலுக்குச் சேர்வது 4,785 ரூபாய்தான். மூன்று ஆண்டுகளில் நீங்கள் கட்டியிருப்பது 9.37 லட்சம், அதில் அசல் குறைந்திருப்பது 1.95 லட்சம். கடனை முழுக் காலமும் ஓட்டினால் மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்.

சீட்டுப் பணமோ போனஸோ வந்தால் இப்போதே அசலில் கட்டுங்கள். இந்தக் கட்டத்தில் இரண்டு லட்சம் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், கடன் சுமார் 29 மாதம் முன்னதாகவே தீரும். அதே இரண்டு லட்சத்தைக் கடைசி ஆண்டுகளில் கட்டுவதில் பெரிய லாபமில்லை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கான அபராதம் கிடையாது. ஆனால், தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். வட்டி ஏறிய நாட்களில் உங்கள் காலம் நீண்டிருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தெரிவைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியுள்ளது.

கேள்வி: ஒத்தக்கடைப் பக்கம் 40 லட்சத்துக்குப் பழைய வீடு ஒன்று பேசியிருக்கிறோம். கையில் 8 லட்சம் இருக்கிறது. போதுமா? (ஒத்தக்கடை வாசகி)

பதில்: போதாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. மீதி 20 சதவீதத்துக்கே உங்கள் 8 லட்சம் சரியாகிவிடும். இந்த மதிப்பில் பத்திரச் செலவு சேராது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 3.6 லட்சம் தனியே வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பு பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்கே கட்டணம் கட்ட நேரும். ஆக, 11.6 லட்சம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வழக்கறிஞர் கருத்துரை, பொறியாளர் மதிப்பீடு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமான ஆவணப் பதிவு ஆகியவை இதற்கும் மேல். இந்தச் சில்லறைச் செலவுகளைத் தரகர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

கேள்வி: பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் மிச்சமாகும் என்கிறார்களே? (மேலூர் வாசகர்)

பதில்: சட்டப்படி தவறு என்பது ஒருபுறமிருக்க, பத்திரத்தில் காட்டும் விலையை வைத்துத்தான் வங்கி கடன் தரும், மீதியை ரொக்கமாக எங்கிருந்து புரட்டுவீர்கள்? நாளை விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால், விற்பனை லாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் கூடும்.

கேள்வி: கடனை முழுதாக அடைத்துவிட்டேன். இனி என்ன? (திருமங்கலம் வாசகர்)

பதில்: மூலப் பத்திரங்களை வங்கி 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால், தாமதத்துக்கு வங்கியே காரணமாயின், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தபின் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்தப் பதிவு ஏறியிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.