திறக்காத ஆப், கெட்டுப்போன கான்ஃபிக் ஃபைல்: கேள்வி பதில்

நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஆப், இன்று கிளிக் செய்தால் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. இல்லாவிட்டால் புரியாத பிழைச்செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. இப்படி யார் வந்து சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது கான்ஃபிக் ஃபைலைத்தான். நீங்கள் மாற்றிவைத்த செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்து கிடக்கும் சின்ன ஃபைல் அது. வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆப் திறக்கவே இல்லை. அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், இரண்டு முறை. அதே கதைதான். விண்டோஸையே ஃபார்மேட் செய்துவிடலாமா?

பதில்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். அன்இன்ஸ்டால் செய்தால் போவது நிரல் மட்டும்தான். உங்கள் செட்டிங்ஸ் வேறு இடத்தில், ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கிறது. பெரும்பாலான அன்இன்ஸ்டாலர்கள் அதைத் தொடுவதில்லை. மறுபடி போட்டால் பழைய செட்டிங்ஸ் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். விளைவு, புதிதாக வந்த ஆப்பும் அதே கெட்டுப்போன ஃபைலைப் படித்து அதே இடத்தில் விழுகிறது.

முதலில் ஆப்பை முழுசாக மூடுங்கள். ஜன்னல் இல்லை என்பதற்காக ஆப் ஓடவில்லை என்று நினைக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் வரும் சின்னப் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அங்கே ஆப்பின் பெயரிலோ அதைச் செய்த நிறுவனத்தின் பெயரிலோ ஒரு ஃபோல்டர் இருக்கும். அதன் பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்துவிட்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். ரோமிங்கில் இல்லையென்றால் ஒரு படி மேலே போய் லோக்கல் ஃபோல்டரில் தேடுங்கள்.

புதிதாக வாங்கியதுபோல் ஆப் திறந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அப்புறம் ஆப்பை மூடிவிட்டு, பழைய ஃபோல்டரிலிருந்து ஒவ்வொரு ஃபைலாகக் கொண்டுவந்து போட்டுத் திறந்து பாருங்கள். எதைப் போட்டதும் படுத்துக்கொள்கிறதோ அதுதான் கெட்ட ஃபைல், மற்றதெல்லாம் தப்பியது.

கேள்வி: எதற்குப் பெயரை மாற்றவேண்டும், நேராக டெலீட் செய்தால் என்ன?

பதில்: செட்டிங்ஸ் மட்டும்தான் அங்கே இருக்கிறது என்று யார் சொன்னது? தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அதன் செட்டிங்ஸும், இறக்கிவைத்த மெயில்களும் ஒரே ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. செட்டிங்ஸ் கெட்டது என்று ஃபோல்டரை அழித்தால் முதலுக்கே மோசம். பெயர் மாற்றுவதற்கு ஆகும் நேரமும் அழிப்பதற்கு ஆகும் நேரமும் ஒன்றுதான். ஒரு மாதம் கழித்து எந்தக் குறையும் தெரியவில்லையென்றால் அப்போது அழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. அதிலிருந்து ஆப் திறக்கவில்லை. கான்ஃபிக் ஃபைலைக் கண்டுபிடித்து நோட்பேடில் திறந்தேன். 14 கேபி என்று அளவு காட்டுகிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. மறைந்து இருக்கிறதா? மீட்கமுடியுமா?

பதில்: மறைந்து இல்லை. உள்ளே இருப்பது முழுக்கப் பூஜ்யம். 'பூஜ்யம்' என்ற எழுத்துக்கூட இல்லை, வெறும் பூஜ்ய பைட்டுகள். நோட்பேட் அதை வெற்றிடம்போலக் காட்டுகிறது. சந்தேகமிருந்தால் விண்டோஸின் கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் ஃபார்மேட்-ஹெக்ஸ் (Format-Hex) கட்டளையை அந்த ஃபைல்மீது ஓட்டுங்கள். 00 00 00 00 என்று வரிவரியாக ஓடும். முதன்முதலில் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

நடந்தது இதுதான். ஆப் 'எழுது' என்று சொன்னதும் விண்டோஸ் அதை உடனே வட்டில் எழுதிவிடுவதில்லை. கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருந்து அப்புறம்தான் எழுதும். வட்டில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், தன் கணக்குப் புத்தகத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும். அதாவது, எந்த ஃபைல், எவ்வளவு அளவு, வட்டில் எங்கே என்பதை. உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கணக்கில் 14 கேபி என்று பதிவாகிவிட்டது, சரக்கு வந்து சேருமுன் மின்சாரம் போய்விட்டது. மறுபடி கம்ப்யூட்டர் எழுந்ததும் கணக்கு சரியாக இருக்கிறது, கிடங்கு காலி.

அதனால் அந்த ஃபைலுக்குள் மீட்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் தேடுங்கள். அதே ஃபோல்டரில் 'பேக்', 'ஓல்ட்', 'டெம்ப்' என்று முடியும் ஃபைல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை நகலெடுத்து சரியான பெயர் கொடுத்துப் பாருங்கள். ஃபைல்மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் முந்தைய பதிப்புகள் பக்கத்தையும் பாருங்கள். ஃபைல் ஹிஸ்டரியோ ரீஸ்டோர் பாயின்டோ ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் பழைய நகல் கிடைக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட்டில் எழுதிய ஆப் என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதன் யூசர் டாட் கான்ஃபிக் ஃபைல் லோக்கல் ஃபோல்டருக்குள், ஆப்பின் பதிப்பு எண் போட்ட தனி ஃபோல்டரில் இருக்கும். ஆப்பை அப்டேட் செய்து வந்திருந்தால் பழைய எண் போட்ட ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கும். அதில் சமீபத்தியதை எடுத்துப் போட்டால் போன அப்டேட் வரைக்குமான செட்டிங்ஸ் திரும்பிவிடும். இது எத்தனையோ பேருக்குக் கைகொடுத்திருக்கிறது.

கேள்வி: நான் சொந்தமாக ஆப் எழுதுகிறேன். என் ஆப்புக்கு இந்த கதி வராமல் எப்படி எழுதுவது?

பதில்: இதைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். பலரும் செய்வது, ஃபைலைத் திற, இருப்பதைக் காலி செய், புதியதை எழுது. காலி செய்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவே எது நடந்தாலும் கதை முடிந்தது. வட்டு நிரம்பியிருந்தாலே போதும், 0 பைட் ஃபைல் ஒன்று மிஞ்சும்.

அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் புது ஃபைலாக எழுதுங்கள். அது உண்மையிலேயே வட்டில் இறங்கியதா என்று எஃப்சிங்க் போன்ற அழைப்பால் உறுதி செய்யுங்கள். அப்புறம்தான் அதைப் பழைய பெயருக்கு மாற்றவேண்டும். பெயர்மாற்றம் ஒரே வெட்டில் நடக்கும். பழைய ஃபைல் முழுசாக இருக்கும், அல்லது புதியது முழுசாக இருக்கும். நடுவில் இருக்கும் எஃப்சிங்க் படியைத் தவிர்த்துவிடாதீர்கள். லினக்ஸில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டம் பரவத் தொடங்கிய 2009-ல் இந்தப் பாடத்தை எல்லோரும் கஷ்டப்பட்டுக் கற்றார்கள். கணினி திடீரென்று நின்று எழுந்தால் கான்ஃபிக் ஃபைல்கள் 0 பைட்டாகக் கிடந்தன. பெயர் மாற்றம் முதலில் பதிவாகி, உள்ளடக்கம் பிற்பாடு எழுதப்படக் காத்திருந்ததுதான் காரணம். தவறு ஃபைல் சிஸ்டத்துடையதா ஆப் எழுதியவர்களுடையதா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6.30 பதிப்பில் இந்தச் சேதத்தைக் குறைக்க ஒரு ஏற்பாடு சேர்த்தார்கள். அதை நம்பி எஃப்சிங்க்கை விட்டுவிடுவது என் கணக்கில் சோம்பேறித்தனம்.

இன்னொன்று. கான்ஃபிக் ஃபைலைப் படிக்கமுடியவில்லையென்றால் ஆப் செத்துவிழக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸைப் பாருங்கள், அதன் செட்டிங்ஸ் இருக்கும் ப்ரெஃப்ஸ் ஃபைல் கெட்டிருந்தால் பெயருக்கு முன்னால் 'இன்வேலிட்' என்று சேர்த்து ஒரு நகலை ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடரும். அந்த மரியாதையை நீங்களும் உங்கள் பயனருக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் ஆப்பின் செட்டிங்ஸ் ஜேசான் என்ற எழுத்து வடிவத்தில் இருக்கிறது. அந்த ஃபைலைக் கையால் திருத்தினேன். 3-ஆவது வரியில் பிழை என்கிறது. அந்த வரியில் ஒரு அடைப்புக்குறி மட்டும்தான் இருக்கிறது! ஃபைல் இவ்வளவுதான்:

{ "மொழி": "தமிழ்",
  "எழுத்தளவு": 14,
}

பதில்: பிழை 2-ஆவது வரியில். 14-க்குப் பின்னால் ஒரு கமா நிற்கிறது பாருங்கள். கமா இருந்தால் அடுத்து இன்னொன்று வரும் என்று படிக்கும் நிரல் காத்திருக்கிறது, வந்ததோ மூடும் அடைப்புக்குறி. அதனால் அங்கே போய்க் கத்துகிறது. ஜேசான் பிழையில் சொன்ன வரியைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் வரியையும் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். வேர்டு மாதிரியான ஆப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும், ஜேசான் அதை ஏற்காது. விண்டோஸ் ஃபோல்டர் பாதையை எழுதும்போது பின்சாய்வுக்கோட்டை இரண்டு முறை போடவேண்டும். ஒன்று மட்டும் போட்டு, 'யூசர்ஸ்' ஃபோல்டரின் முதல் எழுத்தைச் சின்ன எழுத்தில் (u) எழுதியிருந்தால், ஏதோ யூனிகோட் குறியீடு வருகிறது என்று நினைத்துக்கொண்டு நான்கு இலக்கத்தைத் தேடும்; பெரிய எழுத்து (U) என்றால் தெரியாத குறியீடு என்று பிழை காட்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் அரை நாளைத் தின்றுவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் வரி முதல் எழுத்திலேயே பிழை என்றால், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற மூன்று பைட்டுகள் முன்னால் ஒட்டியிருக்கலாம். நோட்பேடில் சேவ் ஆஸ் கொடுத்து, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

கேள்வி: மேக்கில் ப்ரெஃபரன்ஸஸ் ஃபோல்டருக்குள் போய் ஆப்பின் செட்டிங்ஸ் இருக்கும் பிலிஸ்ட் ஃபைலை அழித்தேன். ஆப்பைத் திறந்தால் பழைய செட்டிங்ஸ் அப்படியே வருகிறது. பேயா?

பதில்: பேய் இல்லை, சிஎஃப்ப்ரெஃப்ஸ்டி என்ற பின்னணிச் சேவை. அது செட்டிங்ஸை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஆப்களுக்குப் பரிமாறுகிறது. நீங்கள் ஃபைலை அழித்தது அதற்குத் தெரியாமல் போகலாம். ஆப்பை மூடிவிட்டு, டெர்மினலில் டிஃபால்ட்ஸ் (defaults) கட்டளையைக் கொண்டு அழியுங்கள், அது அந்தச் சேவை வழியாகவே போகும். அழிக்கும் முன் பிலியூட்டில் (plutil) கட்டளையின் லின்ட் வசதியால் ஃபைல் உண்மையில் கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ்காரர்களும் சிரிக்கவேண்டாம். பல ஆப்கள் மூடும்போதுதான் செட்டிங்ஸை எழுதும். ஆப் திறந்திருக்கும்போது ஃபைலைத் திருத்திவிட்டு ஆப்பை மூடினால் உங்கள் திருத்தத்தின்மேல் பழையது எழுதப்பட்டுவிடும்.

கேள்வி: லினக்ஸில் சூடோ போட்டால், அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினால், ஆப் திறக்கிறது, சாதாரணமாகத் திறந்தால் இல்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: ஃபைல் நன்றாக இருக்கிறது, உரிமையாளர்தான் மாறிவிட்டார். எப்போதோ ஒருமுறை சூடோ போட்டுத் திறந்திருப்பீர்கள், அப்போது கான்ஃபிக் ஃபைல் ரூட் என்ற நிர்வாகியின் பெயருக்குப் போயிருக்கும். சிஎச்ஓன் (chown) கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஜன்னல் உள்ள ஆப்களை இனி சூடோவில் திறக்காதீர்கள்.

கேள்வி: டாஸ்க்பாரில் ஆப் இருக்கிறது, ஜன்னலைக் காணோம். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பிறகு இப்படி.

பதில்: ஃபைல் கெடவில்லை, கழற்றிய மானிட்டர் இருந்த இடத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. டாஸ்க்பாரில் ஆப்பைக் கிளிக் செய்து, ஆல்ட்டும் ஸ்பேஸும், அப்புறம் எம், அப்புறம் ஏதாவது ஒரு அம்பு விசை. இப்போது மவுஸை நகர்த்தினால் ஜன்னல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கேள்வி: ஃபைல்களில் கைவைக்கப் பயமாக இருக்கிறது. பட்டனை அழுத்திச் சரிசெய்ய வழி இல்லையா?

பதில்: சில ஆப்களில் உண்டு. லிப்ரெஆஃபிஸில் 5.3 முதல் ஹெல்ப் மெனுவில் சேஃப் மோட் இருக்கிறது. பழைய ப்ரொஃபைலைத் தொடாமல் திறக்கும், பிறகு எதை மீட்பது என்று கேட்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போட்ட ஆப் என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் மேம்பட்ட விருப்பங்களில் ரிப்பேர், ரீசெட் என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். முதலில் ரிப்பேர், அது உங்கள் தகவலைத் தொடாது. ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும், ஜாக்கிரதை.

கேள்வி: சரிசெய்துவிடுகிறேன், ஆனால் வாரம் ஒருமுறை மறுபடி கெடுகிறது. ஏன்?

பதில்: ஒருமுறை கெட்டால் விபத்து. வாராவாரம் கெட்டால் யாரோ கெடுக்கிறார்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டே சாகக் கிடக்கிறதா என்று வட்டு தன் உடல்நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். கான்ஃபிக் ஃபோல்டர் ஏதாவது க்ளவுட் சிங்க்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகச் சொன்னது என் சொந்த அனுபவம். இரண்டு கணினிகளிலும் ஒரே செட்டிங்ஸ் இருக்கட்டும் என்று சாமர்த்தியமாக ஒரு ஆப்பின் ஃபோல்டரை சிங்க்கில் போட்டுவைத்தேன். ஒன்றில் ஆப்பை மூடாமல் இன்னொன்றில் திறப்பேன். இரண்டும் மாறிமாறி எழுதியதில், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவத்தில் இருந்த அதன் செட்டிங்ஸ் ஃபைல் பாதி இங்கே பாதி அங்கே என்று ஆனது. மூன்று வாரம் ஆப் எழுதியவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உண்மையைக் காட்டியது ஃபைலின் திருத்திய நேரம். நான் தூங்கிக்கொண்டிருந்த அதிகாலை 3 மணிக்கு ஃபைல் மாறியிருந்தது. நீங்களும் அடுத்தமுறை கெட்டதும் எதையும் தொடுமுன் அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கணினியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், அங்கிருந்து தொடரலாம்.